முட்டைப் பண்ணையில் ஒரு பத்தியம்

என் மனைவி ஒல்லியான ஆள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை, மகன் கல்லூரிக்குப் போன பிறகும் தையல் பிரிக்காமல் போட்டுக்கொண்டவள். அவளுடைய ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் வருசா வருசம் கீழே போய்க்கொண்டிருந்த எழுபதுகளில், கடலை விதைத்த காட்டில் ஒரு பகுதியைச் சமப்படுத்திக் கோழி ஷெட் போட்டேன். எங்கள் பக்கம் அப்போது ஒருவரைப் பார்த்து ஒருவர் அதைத்தான் செய்தார்கள். முட்டை லாரி ஏறிக் கேரளாவுக்கும் பெங்களூருக்கும் போனது. விரிசல் விட்ட முட்டையை வியாபாரி எடுக்கமாட்டான். அது எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். தினமும் ஒரு கூடையாவது வரும். மகன் அதைத் தின்றுதான் வளர்ந்தான். அவள் மட்டும் அதிகம் தொடமாட்டாள். பொழுதுக்கும் ஷெட்டுக்குள் நிற்கிறவளுக்கு அந்த வாசனையே வயிற்றை நிறைத்துவிடும் என்பாள்.

அவளுடைய இமைகளில், மூக்கை ஒட்டிய ஓரத்தில், இரண்டு பக்கமும் மஞ்சளாகச் சின்னத் தடிப்பு இருந்தது. மஞ்சள் பூசிக் குளித்தது சரியாகக் கழுவாமல் நின்றுவிட்டது போல இருக்கும். சொந்தக்காரப் பெண்கள் அதை ராசி என்று சொல்லுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை, கண்ணில் தண்ணீர் வடிகிறது என்று நாமக்கல்லில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கண்ணை விட்டுவிட்டு அந்தத் தடிப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க குடும்பத்துல யாராவது நெஞ்சு வலி வந்து தவறியிருக்காங்களாம்மா?"

"எங்கப்பா போனாருங்க. ஏர் ஓட்டிட்டு இருந்தவரு, நெஞ்சப் புடிக்குதுன்னு வரப்புல உக்காந்தாரு. அவ்வளவுதானுங்க."

"என்ன வயசு அவருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? நான் மாமனாரைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. "நாப்பது இருக்காதுங்க. தலமுடி கறுப்பாத்தான் இருந்துது" என்றாள்.

கண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்ததோடு, சேலம் போய் ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். அப்படித்தான் கொலஸ்ட்ரால் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதலில் அதைச் சொல்லவே எங்களுக்கு வாய் வரவில்லை. அவள் கடைசி வரைக்கும் அதைக் 'கொலசம்' என்றுதான் சொன்னாள்.

சேலத்து டாக்டர் வயதானவர், நல்ல மனிதர். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது என்றார். முட்டை மஞ்சள் கருவை மறந்துவிட வேண்டும், நெய், வெண்ணெய், தேங்காய், ஆட்டுக்கறி, எண்ணெயில் பொரித்தது எதுவும் கூடாது, பாலை ஆடை எடுத்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாக, "ஏனுங்க டாக்டரே, இதெல்லாம் நான் தின்னுட்டு இருந்தாத்தானுங்களே நிறுத்தறதுக்கு?" என்றாள்.

உண்மைதான். காலையில் கம்பங்கூழோ பழைய சோறோ, பச்சை வெங்காயத்தோடு. மத்தியானம் சோறும் ஒரு பருப்பும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் எனக்கும் மகனுக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவாள். அதில் எதை நிறுத்துவது? இருந்தாலும் நிறுத்தினாள். குழம்புக்குத் தேங்காய் அரைப்பதை விட்டாள். தாளிக்கக் கரண்டியில் எண்ணெய் ஊற்றினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எங்களுக்குச் சமைத்துவிட்டு, தனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் கீரையையோ பச்சைப் பயிறையோ உப்புப் போட்டு வேகவைத்துக் கடைந்துகொள்வாள். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொன்னதால் தினமும் கொள்ளு ரசம். பூண்டை வெறும் வயிற்றில் மென்று விழுங்குவாள். உடம்பு சூடாகி வாயெல்லாம் புண்ணாகிப் போகும். அப்போதும் விடமாட்டாள்.

விருந்துக்குப் போன இடங்களில்தான் பெரிய தொந்தரவு. எங்கள் பக்கம் இலையில் போட்டதை வேண்டாம் என்றால் போட்டவர்களுக்குக் கோபம் வரும். இவளுக்கு ரத்தத்தில் கொழுப்பு என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பந்தியே சிரிக்கும். என் பெரியப்பா மகன் ஒருத்தன், "மாப்பிள்ளையாப் போனப்பவே அவளுக்குக் கொழுப்புன்னு உனக்குத் தெரியலையா?" என்று கேட்டான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இலையில் இருந்த ஒப்புட்டுப் போளியை என் இலைக்குத் தள்ளினாள். அது நெய்யில் மிதந்துகொண்டிருந்தது.

கொஞ்ச மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் கொடுத்தோம். இறங்கவில்லை. அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இங்க பாரும்மா. எனக்காக நீ பத்தியம் இருக்க வேண்டாம். உனக்காக இரு. பண்ணை வெச்சிருக்கீங்க, முட்டை கையெட்டற தூரத்துல இருக்கு. வாய் கேக்கத்தான் செய்யும்."

"இல்லீங்க டாக்டர், அவ ஒண்ணும் திங்கறதில்லீங்க" என்றேன்.

"எல்லா வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்றாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. அதற்கு மேல் நான் என்ன சொல்லி நிரூபிப்பேன்? அவள் சாப்பிடாததைச் சாட்சி வைத்துக் காட்ட முடியுமா? பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மல்லூர் தாண்டியும் நிற்கவில்லை. "களவாண்டு திங்கறன்னு சொல்லிப்போட்டாரே" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். நான் டிக்கெட்டை மடித்து மடித்து நூலாக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வருசமே அவளுடைய தம்பி போனான். சொந்தமாக லாரி வைத்து ஓட்டியவன். ஆள் ஆறடி, நல்ல பலசாலி. பள்ளிபாளையத்தில் லோடு ஏற்றிவிட்டு, கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தானாம். ஈரோடு ஆஸ்பத்திரிக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். பாலத்தைத் தாண்டவில்லை. எழவு வீட்டில் அவள் அழுததைவிட அவன் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். இமையைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் அதே மஞ்சள் தடிப்பு.

அதற்குப் பிறகு சாப்பாடே குறைந்துபோயிற்று. சோறு கொழுப்பா என்று கேட்பாள். ராகிக் களியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். "கொஞ்சம் உண்ணு புள்ள, இப்படியே போனா எந்திரிக்க முடியாமப் போயிரும்" என்று நான் கெஞ்சினால், "உங்களுக்கென்னுங்க, நீங்க சொல்லுவீங்க" என்பாள். சமையல் தெரியாத ஆள் நான். ஏதாவது செய்துகொடுக்கலாம் என்றாலும் என்ன செய்வது? கோழிக்கு எந்த வயதில் எவ்வளவு தீவனம், அதில் எவ்வளவு மக்காச்சோளம், எவ்வளவு கருவாட்டுத் தூள், எவ்வளவு கிளிஞ்சல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் மனைவிக்கு என்ன போட வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

மகன் அமெரிக்காவில் வேலைக்குப் போய்க் கல்யாணமும் முடிந்து, எண்பதுகளின் கடைசியில் எங்களை அங்கே வரச் சொன்னான். மருமகள் முழுகாமல் இருந்தாள். அதைவிட, அம்மாவை அங்கே ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் அவனுக்கு முக்கியம். அந்த ஊரில் எல்லோருக்கும் இந்தக் கொலஸ்ட்ரால் பேச்சுத்தான், இதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றான். அவள் கிளம்பச் சம்மதித்ததே பேரக் குழந்தைக்காகத்தான். பெட்டியில் சேலையைவிடக் கொள்ளுப் பொடியும் ராகி மாவும் வறுத்த பயிறும் முருங்கைக்கீரைப் பொடியும்தான் அதிகம். மெட்ராஸ் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் ராகி மாவுப் பையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்.

விமானத்தில் முதலில் வந்ததே ஆம்லெட். பக்கத்தில் வெண்ணெய்க் கட்டி. அவள் அதைத் தட்டோடு மூடி என் பக்கம் நகர்த்தினாள். அடுத்த வேளை சைவம் என்று கேட்டு வாங்கினேன். வந்ததில் பாலாடைக்கட்டியை உருக்கி ஊற்றியிருந்தார்கள். பெட்டியெல்லாம் கீழே போய்விட்டது. கைப்பையில் இருந்த வறுத்த பயிறுதான் அவளுக்கு ஆகாரம்.

நடுவில் ஐரோப்பாவில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பயிறும் தீர்ந்து, அவள் கண்கள் உள்ளே போய்விட்டன. நான் அவளை உட்காரவைத்துவிட்டு அங்கிருந்த கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருந்த எதைப் பார்த்தாலும் முட்டை சேர்த்ததா, வெண்ணெய் சேர்த்ததா என்று தெரியவில்லை. கடைப் பெண்ணிடம் ஒரு ரொட்டியைக் காட்டி, "எக், நோ?" என்று கேட்டேன். அவள் ஏதோ கேட்டாள். நான் இன்னும் சத்தமாக, "நோ எக்! நோ எக்!" என்றேன். முட்டை இல்லையே என்று நான் குறைப்படுவதாக நினைத்துக்கொண்டாள் போல. பாவம், உள்ளே போய் இரண்டு அவித்த முட்டையைக் கிண்ணத்தில் வைத்து எடுத்து வந்து சிரித்த முகமாக நீட்டினாள்.

பல்லாயிரம் முட்டையை லாரி லாரியாக ஏற்றி அனுப்பியவன், அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுக்க எனக்கு வார்த்தை தெரியவில்லை. காசு கொடுத்துவிட்டு வந்து, உடைத்து மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் என் மனைவிக்குக் கொடுத்தேன். அவள் மென்றாள். விழுங்க முடியாமல் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை.

மகன் வீட்டில் எல்லாம் வேறு மாதிரி. மருமகளும் எங்கள் பக்கத்துப் பெண்தான். கடையில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். ஓட்ஸ் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்தபோது என் மனைவி, "நம்மூட்டுக் கூழாட்டத்தான் இருக்குது, உப்புத்தான் பத்துல" என்று குடித்தாள். வந்த சில நாளில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. மருமகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், ராகிக் களி கிண்டிக் கொடுப்பதுமாக இருந்தாள்.

பிறகு அந்த டாக்டரிடம் போனோம். இளம் வயதுப் பெண் டாக்டர். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவே இல்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, தரையில் மண்டியிட்டு, குதிகாலுக்கு மேல் உள்ள நரம்பைக் கிள்ளுவதுபோலப் பிடித்துப் பார்த்தார். அது கயிறு மாதிரி தடித்திருக்கும். காட்டில் வெறுங்காலோடு நடந்ததால் வந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். இமையைப் பார்த்தார். அப்பா, தம்பி என்று ஒவ்வொருவராகக் கேட்டு, ஒரு தாளில் வட்டமும் கட்டமும் போட்டுக் கோடு இழுத்தார். மகன்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா, இது சாப்பாட்டால வந்ததில்லைன்னு சொல்றாங்க. பொறக்கையிலயே ரத்தத்துல இருக்குதாம். தாத்தாகிட்ட இருந்து உங்களுக்கு வந்திருக்குது. மாமாவுக்கும் அதேதான். நீங்க எவ்வளவு பத்தியம் இருந்தாலும் கொஞ்சந்தான் கொறையுமாம்."

அவள் என் கையைப் பிடித்தாள். "பாத்தீங்களா, நான் களவாண்டு திங்கலீன்னு இந்தம்மா சொல்லிருச்சு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பல வருசமாகப் பார்த்ததில்லை.

டாக்டர் தாளில் இன்னொரு கோட்டைக் கீழே இழுத்து, மகனைப் பார்த்து ஏதோ சொன்னார். அவன் மொழிபெயர்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சாமி சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா உன்ர மூஞ்சி இப்படிப் போகுது? சொல்லு சாமி."

"என்னையும் ரத்தம் குடுக்கச் சொல்றாங்க."

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

அவனுக்கும் இருந்தது. அவளுடையதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ரிசல்ட் வாங்கிக்கொண்டு காரில் திரும்பியபோது அவன் ஓட்டினான், நான் பக்கத்தில், அவளும் மருமகளும் பின்னால். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் இருந்து என் மனைவி, "பால்ல வந்துதா சாமி?" என்று கேட்டாள்.

"பால்ல இல்லீங்கம்மா. அது வேற."

"உனக்கு மூணு வயசு வரைக்கும் பால் குடுத்தனே. எல்லாரும் நிறுத்து நிறுத்துன்னாங்க."

"அம்மா, பால்னால வரலைங்கறேன்."

"எதுனால வந்தா என்ன? நாந்தானே குடுத்தேன்."

மகன் காரை ஓரமாக நிறுத்திவிட்டான். மருமகள் இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறக்கப் போகிற குழந்தைக்கும் இது வரச் சரிபாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதை அவளிடம் அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. எங்களிடம் அன்றைக்கு அவன் சொல்லவில்லை. நான் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் அந்த ரத்தம் இல்லாதவர்கள் நானும் மருமகளும் மட்டும்தான். அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அங்கே அப்போதுதான் புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. அம்மாவுக்கும் மகனுக்கும் டாக்டர் அதை எழுதிக் கொடுத்தார். பத்தியத்தையும் விடக்கூடாது என்றார். என் மனைவி தன் பத்தியத்தை மறந்தே போனாள். மகனின் தட்டுத்தான் அவள் கண்ணில் இருந்தது. அவன் காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தூக்கில் களியும் கீரையும் கட்டிக் கொடுப்பாள். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு எடுத்துப் போவான். மாலையில் வந்ததும், "அங்க வேற என்ன தின்னே சாமி?" என்று கேட்பாள். ஆபீஸில் ஒருவருக்குப் பிறந்தநாள், கேக் வெட்டினார்கள் என்று ஒருநாள் அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாளிலிருந்து அவன் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டான். சொல்லாததும் அவளுக்குத் தெரிந்தது.

பேத்தி பிறந்தாள். என் மனைவி குழந்தையைக் குளிப்பாட்டி, துடைத்து, வெளிச்சத்தில் வைத்து இமையைப் பார்ப்பாள். பச்சைக் குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது, கொஞ்சம் வளர்ந்த பிறகு ரத்தம் எடுத்துத்தான் சொல்ல முடியும் என்று எத்தனை முறை சொன்னாலும் பார்ப்பாள். விசா முடிகிற நேரத்தில், "நான் இங்கயே இருந்துக்கறனுங்க. நீங்க போய்ப் பண்ணையப் பாருங்க" என்றாள். அது நடக்கிற காரியம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். பெட்டி கட்டும்போது, மிச்சமிருந்த கொள்ளுப் பொடியை மருமகளிடம் கொடுத்து, ரசம் வைக்கிற விதத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஊருக்கு வந்த பிறகு, அங்கிருந்து வருகிறவர்கள் யாரிடமாவது மகன் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவான். மெட்ராஸுக்கோ கோயம்புத்தூருக்கோ போய் வாங்கி வருவேன். நம் ஊரில் அப்போது அந்த மாத்திரை கிடைக்காது. சேலத்தில் ரத்தம் கொடுத்தபோது, முதல் முறையாக நன்றாகவே இறங்கியிருந்தது. வயதான டாக்டர் மாத்திரைப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம், "நான்தான்மா தப்பா நினைச்சுட்டேன்" என்றார். "அதுக்கென்னுங்க டாக்டர்" என்றாள் அவள். வெளியே வந்ததும், "அவனுக்கு எவ்வளவு எறங்குச்சுன்னு தெரியலையே" என்றாள்.

சில சமயம் ஆள் கிடைக்காமல் மாத்திரை நின்றுபோகும். அப்படி நின்றிருந்த ஒரு ஆடிப் பதினெட்டில், மோகனூர்க் காவிரியில் குளித்துவிட்டுப் படியேறியவள், தலையைத் துவட்டிக்கொண்டே, "இருங்க, மூச்சு வாங்குது" என்று உட்கார்ந்தாள். ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். கார் உள்ளே வர வழியில்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். அவளைத் தூக்குவதில் சிரமமே இல்லை. அவ்வளவு லேசாக இருந்தாள். நாமக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. மாத்திரை நிற்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் பிறகு பல டாக்டர்களைக் கேட்டிருக்கிறேன். அத்தனை வருசம் ரத்தக் குழாயில் படிந்தது படிந்ததுதான், சொல்ல முடியாது என்றார்கள். சொல்ல முடியாது என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

மகன் வந்து காரியங்களைச் செய்தான். சொந்தக்காரர்கள் அவனை உட்காரவைத்து, "ஒரு வாய் உண்ணு சாமி, எளச்சுப் போயிட்டே" என்று வற்புறுத்தினார்கள். அவன் மோரை மட்டும் வாங்கிக் குடித்தான். தாயைப் பறிகொடுத்த துக்கத்தில் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் எதையும் விளக்கவில்லை. யாருக்கு, எங்கிருந்து தொடங்கி விளக்குவது?

இப்போது வாரம் ஒருமுறை போன் செய்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, நான் அதற்கு மேல் கேட்பதில்லை. போன மாதம் பேசும்போது, பேத்திக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிற வயது வந்துவிட்டது என்று அவனே சொன்னான்.

"எடுத்தாச்சா?"

"இல்லீங்கப்பா. இந்த வாரம் போலாம், அடுத்த வாரம் போலாம்னு தள்ளிட்டே போகுதுங்க."

"பாத்துட்டா நல்லதில்லையா சாமி?"

"பாத்துட்டுச் சொல்றனுங்கப்பா" என்றான். சரி என்றேன். அதற்குப் பிறகு இரண்டு முறை பேசிவிட்டான். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.